தலைப்பேறும் தாய் வீடும்

(விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

தலைப்பேறு தாய் வீட்டில்தான் என்பது நாஞ்சில் நாட்டின் எழுதாச் சட்டம். அவரவர் குடும்ப வழக்கப்படி ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடக்கும். இரு கைகளும் கொள்ளாத வளையல் ஒலியோடு பெண் பிறந்த வீடு வந்து சேருவாள். சென்ற ஐப்பசியில் என் அக்காளும் திருநெல்வேலியிலிருந்து கோட்டாற்றுக்கு இப்படித்தான் வந்தாள். அவளோடு முறுக்கும் அதிரசமும் வந்தன. பட்டுச் சேலைகள் வந்தன. மாமியார் கொடுத்தனுப்பிய வெள்ளிக் குங்குமச் சிமிழ் வந்தது. வராத பொருள் ஒன்றே ஒன்று. கருவுற்றது முதல் அவளுடைய எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் தரம் ஆகியவை மாதவாரியாகக் குறிக்கப்பட்டிருந்த தாய் சேய் நல அட்டை, அத்தான் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அதைப் பற்றி வீட்டில் எவரும் கவலைப்படவில்லை. அக்காள் நன்றாகத்தான் இருந்தாள். வாந்தி நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன, முகம் தெளிந்திருந்தது, பசித்துச் சாப்பிட்டாள். தீபாவளி வந்தது, போயிற்று. பிறகு மழை. "நல்லா இருக்கப்பட்ட பிள்ளைய எதுக்கு மழையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு அலையணும்?" என்றாள் அம்மா. "நான் ஏழு பெத்தேன். ஒரு டாக்டர் மொகத்தையும் கண்டதில்ல" என்றாள் ஆச்சி. ஏழு பெற்றதைச் சொல்லும் ஆச்சி, தங்கியது ஐந்துதான் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதைக் கேட்கும் துணிவு எனக்கும் இல்லை.

அம்மாவின் கேள்வி அறியாமையால் எழுந்தது என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமான கேள்வியே ஆகும். நோய் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். நோயில்லாத ஒருத்தி, அதுவும் கடைசி இரண்டு மாதங்களில், பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் பின்னர் வாரம் ஒருமுறையும் ஏன் போகவேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

நெடுங்காலம் மருத்துவ உலகமும் அம்மாவைப் போலவேதான் எண்ணியிருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் தேவைப்படுவது வலி கண்ட பிறகே என்பது 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை எங்கும் நிலவிய கருத்து. ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பாலன்டைன் என்னும் மருத்துவர், பிள்ளை பெறுவதற்கு முன்பே பெண்களைக் கவனிக்க வேண்டும் என்று வாதாடி வந்தார். அவருடைய முயற்சியின் பயனாக 1901-ல் அந்நகரத்து மகப்பேறு மருத்துவமனையில் இதற்கென ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு படுக்கை! 1929-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு கால அட்டவணையையே வகுத்தது. 28-ஆம் வாரம் வரை இடைவெளி விட்டும், 36-ஆம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வாரந்தோறும் பார்க்கவேண்டும் என்றது அது. இன்று நம் மருத்துவர்கள் பலர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். நம் நாட்டில் குறைந்தது நான்கு முறை பரிசோதனை வேண்டும் என்பது நெடுநாள் விதி. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அதை எட்டாக உயர்த்தியது. அந்த எட்டில் ஐந்து, 30-ஆம் வாரத்திலும் அதற்குப் பின்னும் வருகின்றன. அட்டவணை பின்பாரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தேடப்படும் ஆபத்து பெரும்பாலும் பின்மாதங்களில் வருவது. வரும்போது சொல்லிக்கொள்ளாமல் வருவது.

நம் மாவட்டம் இவ்வகையில் இரட்டை மரபுக்கு உரியது என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. திருவனந்தபுரம் தைக்காடு மருத்துவமனையில் பெண்களுக்கான மகப்பேற்று மருத்துவத்தை வளர்த்தவர் மேரி பூணன் லூக்கோஸ். சென்னையில் மருத்துவம் பயின்று பெண்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர் முத்துலட்சுமி ரெட்டி. இருவரும் 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். முத்துலட்சுமி அம்மையாரின் பெயரால் தமிழக அரசு பேறுகால நிதியுதவி வழங்கி வருவதை நாம் அறிவோம். அந்நிதியின் தவணைகள் பதிவோடும் பரிசோதனைகளோடும் இணைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், பணத்தைக் காட்டியாவது நலமாயிருக்கும் பெண்ணை நிலையத்துக்கு வரவழைக்க வேண்டும் என்பதே.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். கார்த்திகையில், சவேரியார் கோவில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு நாள், என் பிடிவாதத்தின் பேரில் அக்காளை அருகிலிருந்த சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவளுக்கு 33 வாரம் முடிந்திருந்தது. கடைசியாகப் பரிசோதித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. தெருவெல்லாம் கூட்டம். ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடந்தோம். போன வேகத்தில் நர்ஸம்மா அழுத்தமானியின் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தார். 142/90.

நர்ஸம்மா பதறவில்லை. "நடந்து வந்தியளா? உக்காரும்மா, கொஞ்சம் மூச்சு விடு" என்று ஒரு நாற்காலியில் சாய்ந்து அமரச் செய்தார். கால்கள் தரையில் படிய, கை மார்பு மட்டத்தில் இருக்க, பேசாமல் கால்மணி நேரம். மறுபடி பார்த்தபோது 126/80. பிறகு கேட்டார்: "போன மாசம் எவ்வளவு இருந்தது? மூணாம் மாசம் எவ்வளவு இருந்தது? அட்டை எங்கே?"

எங்களிடம் விடை இல்லை. அட்டை இல்லை, அட்டையில் எழுதப்பட்டிருந்த பன்னிரண்டு இலக்கப் பதிவு எண்ணும் மனப்பாடமாக இல்லை. பிக்மி எண் என்று பலரும் சொல்லும் அந்த எண் ஒன்று இருந்திருந்தாலே, திருநெல்வேலியில் பதிந்ததைக் கோட்டாற்றில் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு பழைய எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் நடுமாதங்களில் சற்றே தாழ்வதும், பேறு நெருங்குகையில் பழைய நிலைக்கு ஏறுவதும் இயல்பு. ஆகவே 126/80 என்பது ஒருத்திக்கு வழக்கமான அளவாக இருக்கலாம். மற்றொருத்திக்கு ஏறுமுகத்தின் முதற்படியாக இருக்கலாம். எண் ஒன்றே, பொருள் இரண்டு. எது என்று சொல்வது முந்தைய மாதங்களின் வரிசைதான். 140/90 என்னும் எல்லையை நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை தாண்டினால் மருத்துவர்கள் அதைப் பேறுகால இரத்தக் கொதிப்பு என்று கொள்வர். 160/110 ஆனால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை.

அந்தக் கொதிப்போடு சிறுநீரில் புரதமும் இறங்கினால் பிரீ-எக்லாம்ப்சியா என்பர். தலைப்பேற்றில் இது கூடுதலாக வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். இதன் வேர் நச்சுக்கொடியில் உள்ளது. கருப்பையின் சிறு தமனிகள் கருக்காலத் தொடக்கத்தில் விரிந்து அகன்று நச்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் தரவேண்டும். சிலருக்கு அவை போதிய அளவு விரிவதில்லை. குருதி போதாத நச்சுக்கொடி வெளியிடும் பொருள்கள் தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதாக்குகின்றன. சிறுநீரகம், ஈரல், மூளை என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். முற்றினால் வலிப்பு வரும். எக்லாம்ப்சியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மின்னல் போல் பளிச்சிடுதல் என்று பொருள். அறிவிப்பின்றி வருவதால் அப்பெயர். ஆனால் அறிவிப்பு இருக்கிறது. அது உடலில் உணரும் அறிவிப்பு அன்று, அழுத்தமானி காட்டும் அறிவிப்பு. கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் கருவி 1896-ல்தான் இத்தாலியில் உருவாயிற்று. அதற்கு முந்திய தலைமுறைகள் வலிப்பைத்தான் கண்டன, அதற்கு முன் ஏறிய அழுத்தத்தைக் காணவில்லை.

தலை வலிக்காது. பசி கெடாது. தொடக்கத்தில் பெண் மிக நன்றாகவே இருப்பாள். இதுதான் அம்மாவின் கேள்விக்கு விடை. நலமாயிருக்கிறாள் என்று நாம் சொல்வது கண்ணால் பார்த்துச் சொல்வது. இந்நோய் கண்ணுக்குத் தெரியும்போது வீட்டில் வைத்துப் பார்க்கும் காலம் கடந்திருக்கும்.

கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அக்காளுக்கும் மாலையில் கணுக்காலில் விரல் பதிய அழுத்தினால் குழி விழுந்தது. "அது நீர் எறங்குகது, நல்லதுக்குத்தான்" என்றாள் ஆச்சி. ஆச்சி சொன்னதில் பாதி சரி. கடைசி மாதங்களில் மாலையில் கால் வீங்கி, இரவு படுத்தெழுந்தால் வடிவது பெரும்பாலோர்க்கு உண்டு. காலையில் எழும்போதே முகமும் விரல்களும் உப்பி மோதிரம் கழற்ற முடியாமற் போனாலோ, ஒரே மாதத்தில் எடை மூன்று கிலோவுக்கு மேல் ஏறினாலோ அது வேறு. எடைப் பொறியில் ஏறச் சொல்வது வெறும் சடங்கன்று.

சிறுநீர்ச் சோதனையைப் பார்த்தபோது எனக்கு நம் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, மேற்பகுதியை மட்டும் சுடரில் காட்டி, கலங்கினால் இரண்டொரு துளி அசெட்டிக் அமிலம் விட்டுப் பார்க்கும் பழைய முறையை நாம் செய்முறை வகுப்பில் செய்திருக்கிறோம். கலங்கல் மறைந்தால் அது உப்பு. மறையாமல் நின்றால் புரதம். வெந்நீரில் முட்டையின் வெண்கரு உறைகிறதே, அதே வேதியியல்தான். இப்போது நிறம் மாறும் தாள்பட்டையே பெரும்பாலும் பயன்படுகிறது. மதிப்பெண்ணுக்காக நாம் செய்த அந்தச் சோதனை ஓர் உயிரின் செய்தியைச் சொல்லக்கூடியது என்பதை வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்து நான் கவனிக்காமலும் இருந்திருக்கலாம். அக்காளுக்குப் புரதம் இல்லை.

அன்றிரவு அத்தான் அட்டையின் பக்கங்களை அலைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் மாதம் 116/74. ஐந்தாம் மாதம் 110/70. மறுநாள் காட்டியபோது நர்ஸம்மா வரிசையாக விரல் வைத்துப் படித்தார். அன்றைய அளவு 120/78. "ஒண்ணும் பயமில்ல. ஆனா இனி வாரம் தவறாம வரணும்" என்றார். வாரந்தோறும் என்ற சொல்லுக்கு அதன்பின் வீட்டில் மறுப்பு எழவில்லை.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு கலைதான். கருப்பையின் உச்சி எங்கே நிற்கிறது என்று நாடாவால் அளப்பார்கள். 24 முதல் 36 வாரம் வரை அதன் சென்டிமீட்டர் அளவும் வாரக்கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகும். மிகவும் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சி போதவில்லையோ, கூடினால் நீரோ இரட்டையோ என்று ஐயுற்று ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு இரு கைகளாலும் மேலே தலையா புட்டமா, முதுகு எப்பக்கம், கீழே இறங்கியிருப்பது எது என்று தடவி அறிவார்கள். ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்டு ஒழுங்குபடுத்திய இம்முறைக்கு மின்சாரமும் வேண்டா, கருவியும் வேண்டா. 36-ஆம் வாரத்தில் பெரும்பாலான குழந்தைகள் தலைகீழாகத் திரும்பிவிடும்; பேறு நெருங்கியும் நூற்றில் மூன்று நான்கு மட்டுமே புட்டம் கீழாக இருக்கும். அப்படியிருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு மருத்துவமனையில் வைத்து வெளியிலிருந்தே திருப்பிப் பார்ப்பதுண்டு. தலைப்பேற்றில் தலை இடுப்பெலும்புக்குள் முன்கூட்டியே இறங்கிவிடும். அதனால்தான் ஒன்பதாம் மாதம் பெண்ணுக்கு மூச்சு எளிதாகும், நடை கனக்கும். "வயிறு எறங்கிட்டு" என்று ஆச்சி பார்த்தவுடன் சொன்னாள். அதில் அவள் தவறவில்லை.

குழந்தையின் இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை எதிர்பார்ப்பார்கள். அக்காள் முதன்முதலாக அதைக் கேட்ட போது, ஓடும் குதிரைக் குளம்பொலி போல இருக்கிறது என்றாள். ஆனால் வாரத்தில் ஒரு நாள் நிலையத்தில் கேட்பதைவிட, மற்ற ஆறு நாள் தாய் உணரும் அசைவே பெரிய சாட்சி. கடைசி மாதம் இடம் போதாமல் அசைவு குறையும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இது ஆபத்தான நம்பிக்கை. அசைவின் தன்மை மாறலாம். உதை குறைந்து உருளல் மிகலாம். அசையும் வழக்கம் குறையலாகாது. எத்தனை என்னும் எண்ணிக்கையைவிட, அவளவள் குழந்தையின் அன்றாட வழக்கத்தில் ஏற்படும் மாறுதலே முக்கியம். குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றே போகவேண்டும்.

இரத்தத்தின் தரம் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. பேற்றின்போது அரை லிட்டர் வரை இரத்தம் போவது இயல்பாகையால், சோகையுள்ளவளுக்கு அந்த அரை லிட்டரே பெரும் இழப்பாகிவிடும். இரும்புச் சத்து மாத்திரையைப் பெண்கள் ஒளித்து வைப்பதற்கு இரண்டு காரணங்கள்: மலம் கறுக்கிறது, பிள்ளையும் கறுக்குமாம். முன்னது உண்மை, தீங்கற்றது. பின்னது பொய். குங்குமப்பூவால் பிள்ளை சிவக்கும் என்பதும் அதே வகைப் பொய், விலை மட்டும் கூடுதல். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும். எலுமிச்சைச் சாறோடு நன்கு சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு ஒரே நேரத்தில் கூடாது. சர்க்கரைக்கான சோதனையை இங்கு விரிக்கவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறையை நம் நாட்டில் பரப்பியவர் சென்னை மருத்துவர் சேஷையா என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சாப்பாட்டில் இரு தரப்பும் எங்கள் வீட்டில் இருந்தன. இரண்டு பேருக்குச் சாப்பிடு என்றாள் அம்மா. பிள்ளை பெருத்தால் பேறு கடினம், குறைத்துச் சாப்பிடு என்றாள் பக்கத்து வீட்டு மாமி. இரண்டுமே தவறு, பின்னது அதிகத் தவறு. சோறும் மீனும் முருங்கைக் கீரையும் பயறும் மட்டிப்பழமும் கிடைக்கும் ஊரில் தனியாக எதுவும் தேடவேண்டியதில்லை. பேறு எளிதாக வேண்டும் என்று கம்போளத்து நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் காய்ச்சும் கஷாயம் மட்டும் வேண்டா. நம் கோட்டாற்றிலேயே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐயமிருந்தால் படித்தவர்களிடமே கேட்கலாம்.

புரண்டு படுத்தால் கொடி சுற்றும், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்று அக்காளை இரவெல்லாம் எழுப்பினார்கள். கொடி சுற்றுவது குழந்தை தானே நீந்துவதால். தாய் புரள்வதால் அன்று. கழுத்தில் கொடி சுற்றிப் பிறப்பது அரிதுமன்று, பெரும்பாலும் தீங்குமன்று. மல்லாந்து படுப்பதைத்தான் தவிர்க்கவேண்டும். கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துவிடும். ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

நாள் குறிப்பது பற்றி ஒரு சொல். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுவது வழக்கம். அக்காளுக்கு ஏப்ரல் 10. ஆகவே ஜனவரி 17 என்று குறித்தார்கள். குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு நான்கைந்துதான். தலைப்பேறு சில நாள் தள்ளிப்போவதும் உண்டு. ஜனவரி 17 வந்தவுடன் உறவினர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் "இன்னும் ஆகலியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்காள் அழுதேவிட்டாள். கேட்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். குறித்த நாளுக்குப் பின் காத்திருக்கும் நாட்களிலும் பரிசோதனை நிற்பதில்லை. 41 வாரம் நெருங்கினால் வலி வரவழைப்பது பற்றி மருத்துவர் பேசுவார்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில: விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, சிறிதளவேனும் இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல். நீர் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் புறப்பட வேண்டும். நீர் பச்சையாக இருந்தால் அதைச் சொல்லவேண்டும். மெய்வலி முதுகில் தொடங்கி முன்னே வரும். இடைவெளி சுருங்கும், வலு கூடும். நடந்தாலும் படுத்தாலும் விடாது. பொய்வலி வந்து வந்து அடங்கிவிடும். 108 வண்டியை அழைப்பவர் யார், உடன் போகிறவர் யார், தேவைப்பட்டால் இரத்தம் கொடுப்பவர் யார் என்பதை முன்பே பேசி வைத்தல் நல்லது. நாங்கள் பேசி வைத்தோம். ஆனாலும் அந்த இரவில் எல்லோரும் ஒரே சமயத்தில் 108-ஐ அழைத்தோம்.

ஜனவரி 21 விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. 2.9 கிலோ. தாய் சேய் நல அட்டையின் மீதிப் பக்கங்கள் குழந்தைக்குரியவை. எடைக்கோடும் தடுப்பூசிகளும் அதில்தான் எழுதப்படுகின்றன. சித்திரையில் அக்காள் திருநெல்வேலிக்குத் திரும்பினாள். தொட்டிலும் பால் சங்கும் வசம்பு வளையலும் வண்டியில் ஏறின. அம்மா பொருள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். திண்ணையிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தாள்: "ஏட்டி, அந்த அட்டைய எடுத்தாச்சா?"